என்னை ஏமாத்துங்க ஏட்டய்யா

அந்தம்மாவுக்குக் கீழே வேலைக்குப் போன முதல் நாளே எனக்குக் கிடைத்த உத்தரவு, தினமும் ஒரு தடவையாவது அவரை ஏமாற்ற வேண்டும் என்பது. போலீஸ் வேலையில் எத்தனையோ கோணல் உத்தரவுகளுக்குச் சல்யூட் அடித்தவன் நான். அதிகாரி வீட்டு எருமைக்குப் பருத்திக்கொட்டை அரைத்திருக்கிறேன், அதிகாரியின் மாமியாரை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போய் எண்ணெய் தேய்க்க ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஏமாற்றச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதையும் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வழக்குப் பொருள்களையெல்லாம் சென்னைக்கு அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ரத்தமா இல்லையா என்ற முதல் சோதனையையாவது இங்கேயே பார்த்துவிடலாம் என்று யாருக்கோ யோசனை வந்து, ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தின் பின்பக்க அறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்கு அதிகாரியாக வந்தவர் அந்தம்மா. கல்லூரியில் ரசாயனம் படித்தவர், திருச்சிப் பக்கம். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, எந்நேரமும் எதையோ மோந்து பார்ப்பது போன்ற ஒரு மூக்கு. ஊரில் அவருக்கு ரத்தம் பாக்கற அம்மா என்று பெயர். அவர் வரும்போது சில பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் வெறும் கான்ஸ்டபிள். அவர் என்னை முதல் நாளிலிருந்தே ஏட்டய்யா என்றுதான் கூப்பிட்டார். திருத்த எனக்கு மனசு வரவில்லை.

வேலை இதுதான். வழக்கில் பிடிபட்ட கத்தி, வேட்டி, துண்டு எல்லாம் சீல் வைத்து வரும். நான் பிரித்து, கறையில் கொஞ்சம் எடுத்து, வெறும் எண் போட்ட கிண்ணத்தில் வைக்க வேண்டும். எது யாருடையது, எந்த ஊர், என்ன வழக்கு என்று அவரிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் கண் தானாக அதையே தேடுமாம். இது போதாதென்று, நானாக ஒரு பொய்க் கறையும் தயார் செய்து நடுவில் சொருக வேண்டும். அவர் ஒவ்வொன்றின் மேலும் மருந்துத் துளி விடுவார். நீலமானால் ரத்தம். கடைசியில் நான் விடையைச் சொல்ல வேண்டும். அவர் ஏமாறவில்லை என்றால் முகம் தொங்கிப்போகும். ஏமாந்துவிட்டால் அன்றைக்கு எனக்குக் காபி, கூடவே ஒரு வடை.

வடைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடத்தூர்ச் சந்தையில் போய் வெற்றிலை போட்டுக் குதப்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பழைய துணியை நீட்டி, இதில் கொஞ்சம் துப்புங்கள் ஐயா என்று கேட்டேன். யூனிஃபாரத்தில் இருந்தேனா, அவர் பயந்துபோய் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார். குங்குமக் கரைசல், மாதுளைச் சாறு, கத்திரிக்காய்க் குழம்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதற்கும் அந்தம்மா அசையவில்லை. வடை கண்ணில் படாத வாரங்களே அதிகம்.

அலுவலகத்தோடு இந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. பெரிய அதிகாரிகளின் மனைவிமார் ஒரு சமயம் சமையல் போட்டி வைத்து, படித்த பெண்மணி ஆயிற்றே என்று இவரை நடுவராகக் கூப்பிட்டார்கள். இவர் என்னை எல்லாக் கிண்ணத்துக்கும் எண் ஒட்டச் சொல்லிவிட்டார். யாருடையது என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லுமாம். மாவட்டத்திலேயே பெரிய வீட்டு அம்மாள் செய்த பாயசம் கடைசி இடத்துக்குப் போனது. காரணமும் சொன்னார்: அடிப்பிடித்தது, அதை மறைக்க ஏலக்காய் கொட்டியிருக்கிறது. முதல் பரிசு அந்த அம்மாள் வீட்டுச் சமையல்காரிக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு கிண்ணம் குறைகிறது என்று அவளையும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வரவேண்டிய மின்விசிறி ஒரு கோடை முழுக்க வரவில்லை. இவருக்கோ அதற்கும் பாயசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

இண்டூர்ப் பக்கத்து வழக்கு அந்தக் கோடையில்தான் வந்தது. அடுத்தடுத்த தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர். ஒருவருடைய கோழி காணாமல் போனது. நீதான் பிடித்தாய் என்று அவர் சொல்ல, மற்றவர் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, நான் அந்தக் கோழியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டார். சில நாளில், கோழியைப் பறிகொடுத்தவருக்கு இருட்டில் பின்பக்கத்தில் அரிவாள் வெட்டு. உட்காரும் இடத்தில் சரியாக விழுந்திருந்தது. கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலம், அவரும் அங்கிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தார். வெட்டியவன் முகம் தெரியவில்லை, ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரனாகத்தான் இருக்கும் என்று குப்புறப் படுத்தபடியே வாக்குமூலம் கொடுத்தார். சத்தியம் செய்தவர் வீட்டு அரிவாளில் கறை இருந்தது. எங்களிடம் வந்தது, நீலமானது, ரத்தம் என்று அந்தம்மா கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதும். ஆளைக் கொண்டுபோய் தர்மபுரி சப் ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

அவர் சம்சாரம் ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்த்துவிட்டு, எங்கள் கட்டடத்து வாசலில் வந்து உட்காருவாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இன்னொன்று. திட்ட மாட்டாள், அழ மாட்டாள். எங்கூட்டுக்காரருக்கு அந்த அளவுக்குத் தைரியம் கெடையாதுங்க என்று மட்டும் போகிற வருகிறவர்களிடம் சொல்லுவாள். அதைக் கேட்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

இப்படியிருக்க ஒரு நாள் பொய்க் கறைக்கு எதுவும் கிடைக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த முள்ளங்கியில் ஒன்றை நறுக்கி, சாற்றைக் கிழிசல் துணியில் தேய்த்துக் காய வைத்தேன். சிவப்பு நிறம்கூடக் கிடையாது. இது ஏமாற்றுவதற்கு லாயக்கில்லை என்று தெரிந்தும், வேறு வழியில்லாமல் கிண்ணத்தில் வைத்தேன். துளி விட்டார். நீலம். பளிச்சென்று நீலம்.

முள்ளங்கி என்று நான் சொன்னதும் அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். காபிக்கும் வடைக்கும் ஆள் அனுப்பினார். அன்றைக்கு இரண்டு வடை. நான் முதல் வடையை முடிக்கும்போது அவர் நடை நின்றுவிட்டது. வாசலில் உட்காரும் அந்தப் பெண்ணின் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். விசாரித்துக்கொண்டு வந்தேன். கேழ்வரகு கொஞ்சம், மற்றதெல்லாம் முள்ளங்கி. எனக்கு இரண்டாவது வடை இறங்கவில்லை.

அதற்கு மேல் அவர் செய்ததுதான் அரசாங்கத்தில் யாரும் செய்யாத காரியம். என்னுடைய அறிக்கை தப்பாக இருக்கலாம், எங்கே தப்பு வருகிறது என்று ஆராய்ந்து பார்க்கப் பணம் வேண்டும் என்று சென்னைக்கு எழுதினார். இந்த மாவட்டத்துக் காய்கறிகளில் எதெல்லாம் ரத்தம் போல நடிக்கிறது, ரத்தம்தான் என்றால் மனிதனுடையதா மற்றதா என்று இங்கேயே எப்படிப் பார்ப்பது, இரண்டுக்கும் சேர்த்துப் பணம். இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். மேடம், தப்பு நடந்தா மூடி வைக்கணும், அதுக்குப் பட்ஜெட் கேக்கக் கூடாது என்று மன்றாடினார். அவர் சொன்னது நடைமுறை ஞானம். அந்தம்மா அவரையும் ஏதாவது ஒரு பொய்க் கறை தயார் செய்து தரச் சொல்லிக் கேட்டு அனுப்பிவிட்டார்.

சென்னையிலிருந்து பணம் வரவில்லை, ஆள் வந்தார். நிதி விவகாரங்களைப் பார்க்கும் பெரிய அதிகாரி. வாய் நிறைய வெற்றிலை. எங்கள் அறையை இழுத்து மூடிவிடலாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அறை மூடினால் அந்தம்மாவுக்கு எங்கேயோ மாற்றல், எனக்கு மறுபடி எருமை மாடு. ஜெயிலில் இருக்கிறவருடைய அரிவாளைத் திரும்பத் தொட்டுப் பார்க்க ஆளே இருக்காது. நான் உள்ளூர மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

அந்தம்மா அவரிடம் விளக்கமெல்லாம் கொடுக்கவில்லை. என்னை ஏமாற்றுங்கள் சார் என்றார்.

பெரிய அதிகாரிக்குள் இருந்த வால் பையன் அப்போது வெளியே வந்தான். கோட்டைக் கழற்றிவிட்டு என்னோடு பக்கத்து அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மார்க்கெட்டுக்கு என்னை விரட்டினார். முள்ளங்கி, நூல்கோல், உருளைக்கிழங்கு, பீட்ரூட் என்று வந்ததையெல்லாம் நறுக்கித் துணியில் தேய்த்தார். தன் வெற்றிலை எச்சிலையும் ஒரு துணியில் சேர்த்துக்கொண்டார். உண்மையான ரத்தமும் ஒன்று வேண்டுமே என்றபோது, ஊசியை என் பக்கம் நீட்டினார். அரசாங்க ஆராய்ச்சிக்கு நான் சிந்திய முதல் ரத்தம் அதுதான்.

புத்தகத்தில் போட்டிருக்கிற முறைப்படி அந்தம்மா வரிசையாகத் துளி விட்டார். முள்ளங்கி, ரத்தம். நூல்கோல், ரத்தம். உருளைக்கிழங்கு, அதுவும் ரத்தம். காய்கறிக் கடை முழுக்கக் கொலை நடந்த இடமாகிவிட்டது. அதிகாரியின் எச்சில் துணியும் நீலமாக, அவர் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டார். விடைகளையும் படித்து முடித்தாயிற்று. நான் எருமையை நினைத்துக்கொண்டேன்.

"இவ்வளவு தப்பு வருதே, உங்களுக்கு எதுக்கும்மா பணம் குடுக்கணும்?" என்றார் அதிகாரி.

"தப்பு வர்றதாலதான் சார் கேக்கறேன். எல்லாம் சரியா வந்திருந்தா எனக்கு எதுக்குப் பணம்?"

அதிகாரி எழுந்து போய்ச் சன்னல் வழியே துப்பிவிட்டு வந்தார். தன் உத்தியோகக் காலம் முழுக்கப் பணம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், எங்களிடம் எல்லாம் அருமையாக நடக்கிறது என்றுதான் காட்டினார்கள், ஓட்டையைக் காட்டிக் கேட்ட முதல் ஆள் நீங்கள் என்றார். அப்புறம், தனியாக என்னை அழைத்து ஊரில் நல்ல பல் டாக்டர் யார் என்று விசாரித்தார். ஒரு மாதத்துக்குள் பணம் வந்தது. அந்தம்மாவின் பதிலுக்காக வந்ததா, ஈறுக்காக வந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

முதலில் காய்கறி ஆராய்ச்சி. பையைத் தூக்கிக்கொண்டு நான் மார்க்கெட்டுக்கும் அறைக்கும் நடையாய் நடந்தேன். கறையைக் கொதிக்கும் நீரில் காட்டிவிட்டுத் துளி விட்டால் காய்கறியின் நடிப்பு நின்றுவிடுகிறது, ரத்தம் மட்டும் நீலமாகிறது என்று அந்தம்மா கண்டுபிடித்தார். எந்தக் கறையிலும் பாதியை மிச்சம் வைப்பது அவர் பழக்கம். அரிவாளில் சுரண்டி வைத்திருந்ததை வேறு சிலவற்றோடு கலந்து, எண் போட்டு வைத்தேன். கொதிநீரில் காட்டினார். துளி விட்டார். நீலம்.

ரத்தமேதான். வாசலில் இருந்தவளிடம் இதைச் சொல்லப் பயந்து நான் பின்பக்கமாக வெளியே போனேன். அந்தம்மாவோ, ரத்தம் சரி, எதனுடைய ரத்தம் என்று முயலுக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பிவிட்டார்.

முயல் எதற்கு என்றால், மனித ரத்தத்தின் தெளிநீரை முயலுக்குச் சில வாரம் ஊசியில் ஏற்றினால், அதன் உடம்பில் மனித ரத்தத்துக்கு எதிராக ஒரு சத்து ஊறும். அதை எடுத்துக் கறைநீரோடு ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டால், மனித ரத்தமாக இருந்தால் நடுவில் வெள்ளை வளையம் கட்டும். சென்னையில் இது உண்டு. அங்கிருந்து பஸ்ஸில் ஐஸ் வைத்து வருவதற்குள் ஐஸும் இருக்காது, மருந்தும் இருக்காது. அதனால் இங்கேயே முயல். ஏற்றுவதற்கு மனித ரத்தம் என்னுடையது. என் ரத்தத்துக்கு விரோதமாகவே வளர்க்கப்பட்ட அந்த முயல்களுக்கு நான்தான் தினம் கீரை போட்டேன். அவை என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

கோழித் தகராறு இருந்ததால் கோழி ரத்தம் ஏற்ற ஒரு கூண்டு முயல், எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டு ரத்தத்துக்கு ஒன்று. கோழி வாங்க மார்க்கெட்டில் பாய் கடைக்கு அந்தம்மாவே வந்தார். குழம்புக்குங்களா, வறுவலுக்குங்களா என்று பாய் கேட்டார். சாட்சிக்கு என்றார் அந்தம்மா. பாய் அன்றைக்கு முழுக்க வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். முயல் தளவாடமா, கால்நடையா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. தளவாடம் என்று முடிவாகி, மேசை நாற்காலியோடு சேர்த்துக் கணக்கில் ஏற்றினார்கள். அடுத்த தடவை வந்து எண்ணினால் குட்டிகளோடு கூடுதலாக இருக்கிறது. வாங்காத தளவாடம் எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டார்கள். அந்தம்மா, இயற்கையாக என்று எழுதி அனுப்பினார். போதுமான விளக்கம் அல்ல என்று திரும்பி வந்தது.

கடைசியில் அந்த நாள் வந்தது. நான் குழாய்களுக்கு எண் போட்டு நிறுத்தினேன். எந்த எண் அரிவாளுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஜெயிலில் இருப்பவனைவிட மோசமாக நான் நின்றேன். பின்னால் குழாய்கள் கிணுங்கும் சத்தம். ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே வந்தார். அரிவாளின் எண் வந்தது. மனிதன் இல்லை. எனக்கு அப்படியே திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆடு இல்லை. கோழி, வளையம் நன்றாகக் கட்டியிருக்கிறது என்றார். என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி எண் மாற்றிச் செய்ய வைத்தார். மறுபடியும் கோழி.

கோர்ட்டில் அவர் கூண்டேறிச் சொன்னார். முதல் அறிக்கை என்னுடையது. ரத்தம் என்றதோடு நிறுத்தியது என் தப்பு. அது மனித ரத்தம் இல்லை, கோழி ரத்தம். வக்கீல்கள் இரண்டு பேரும் எழுதி வைத்திருந்த கேள்விகளை மடித்துவிட்டார்கள். வெட்டுப்பட்டவர், உட்கார முடியாததால் விசாரணை முழுக்க நின்றுகொண்டே இருந்தவர், கையை மட்டும் தூக்கி, அது எங்கோழிங்க சாமி என்றார். அவரை வெட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கள்ளுக்கடையிலிருந்து வரும்போது தன் அரிவாள் மேல் தானே உட்கார்ந்திருப்பார் என்பது என் சொந்தக் கருத்து.

விடுதலையானவர் வெளியே வந்து அந்தம்மாவைக் கும்பிடுவார் என்று நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். அவர் நெருப்பாக நின்றார்.

"ஏம்மா, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? வெட்டுனவன்னு உள்ள போயிருந்தாலும் ஊருல ஒரு மருவாதி இருந்திருக்கும். இப்பப் பாருங்க, கற்பூரம் அணைச்சிட்டுக் கோழி திருடுனவன்னு ஆக்கிட்டீங்க. எந்த மூஞ்சியோட நான் ஊருக்குள்ள போவேன்?"

அந்தம்மா அதை உண்மையாகவே யோசித்தார். நீங்கள் சொல்வதும் நியாயம்தான், ஆனால் கோழி கோழியாகத்தானே வந்தது என்றார். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் சம்சாரம் இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நம்மூட்டு அடுப்புல அந்தக் கோழி வேகலியே. எங்க வெந்துச்சு?"

ஊர் மரியாதையெல்லாம் அவர் முகத்தை விட்டு ஓடிப்போய், வேறொரு கலவரம் வந்து உட்கார்ந்தது. மெல்ல என் பக்கம் நகர்ந்து, ஏனுங்க, திரும்ப ஜெயில் பக்கமா ஜீப்பு ஏதாச்சும் போவுதுங்களா என்று கேட்டார்.

நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மூக்கு லேசாக விடைத்தது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. ஒரு பொம்பளையின் கேள்வியை அவ்வளவு மரியாதையோடு கேட்டுக்கொண்ட அதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"சந்தேகப்படற அடுப்பு எதெதுன்னு மட்டும் ஏட்டய்யாகிட்ட சொல்லிட்டுப் போம்மா. எனக்குச் சொல்லிடாத. வெந்த கோழியச் சாம்பல்ல கண்டுபிடிக்கற வழி எங்களுக்கு இன்னும் தெரியல. அதுக்குப் பணம் கேட்டு எழுதறேன்."

"எழுதுங்கம்மா" என்றாள் அவள். "வர்ற வரைக்கும் இவரு எங்கயும் போவ மாட்டாரு."

அன்று சாயந்திரமே எழுதினார்.